ரசம் கொதிக்கும், சொம்பு உருகாது

ஈயச் சொம்பை வெறுமையாக அடுப்பில் வைத்துவிட்டு ஃபோனை எடுக்கப் போனால், திரும்பி வரும்போது பர்னரின்மேல் வெள்ளிக் குழம்பு மாதிரி வழிந்து கிடக்கும். அதே சொம்பில் ரசம் இருந்தால், அதே தீயில் நுரை கட்டும்வரை அசையாமல் நிற்கும்.

சொம்பைச் செய்யும் உலோகமான வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கேஸ் தீயின் சூடோ ஆயிரம் டிகிரிக்கு மேல். உள்ளே ரசம் இருக்கும்வரை, சொம்பு தான் வாங்கும் வெப்பத்தை உடனுக்குடன் ரசத்துக்குக் கொடுத்துவிடுகிறது. ரசம் கிட்டத்தட்ட 100 டிகிரியிலேயே கொதிக்கும். அதற்கு மேல் வரும் வெப்பமெல்லாம் ஆவியோடு போய்விடும். அதனால் சொம்பின் அடியும் உருகும் சூட்டை எட்டுவதில்லை. ரசம் தொடாத மேல்பக்கத்துக்கு இந்தக் காவல் கிடையாது. தீ பக்கவாட்டில் ஏறாமல் சின்னதாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான். தாளிப்பைத் தனிக் கரண்டியில் செய்து கொட்டுவதற்கும் காரணம் உண்டு: காயும் நெய்யின் சூடு 100 டிகிரியில் நிற்காது, 200 டிகிரியையும் தாண்டிப் போகும்.

சரி, இவ்வளவு பூஞ்சையான உலோகத்தை ஏன் சமையலுக்கு எடுத்தார்கள்? புளிதான் காரணம். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பித்தளையிலும் செம்பிலும் பட்டால் செம்பு கரைந்து உணவில் இறங்கும். களிம்பு ஏறிய பாத்திரம் என்பது இதுதான். அதில் வைத்த மோரும் ரசமும் வயிற்றைப் பிரட்டும். வெள்ளீயம் புளிப்புக்கு அவ்வளவு எளிதில் மசியாது. கொஞ்சம் கரைந்தாலும் குடல் அதில் பெரும்பகுதியை உள்ளே எடுத்துக்கொள்வதில்லை. டின்னில் அடைத்த உணவுகளுக்குக் கிலோவுக்கு 250 மில்லிகிராம் வரை வெள்ளீயம் இருக்கலாம் என்று சர்வதேச உணவுத் தரமே அனுமதிக்கிறது. அந்த டின்னும் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடுதான்.

புளிப்பு நேராகப் படாமல் இருக்கத்தான் பித்தளைப் பாத்திரத்தின் உள்ளே ஈயம் பூசுகிறார்கள். பூசுகிறவர் பாத்திரத்தை நன்றாகக் காய்ச்சி, நவச்சாரம் என்ற உப்பைத் தூவித் தேய்ப்பார். புகை கிளம்பும். உலோகத்தின்மேல் படிந்திருந்த ஆக்சைடு கழன்று பளிச்சென்ற பரப்பு தெரியும். அதன்மேல் ஈயத்தை உருக்கித் துணியால் ஒரே வீச்சில் இழுத்துவிடுவார். செம்பும் ஈயமும் சேரும் இடத்தில் மெல்லிய கலப்பு அடுக்கு ஒன்று உண்டாகும். பூச்சைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

ஆபத்து அவர் உருக்கும் ஈயக் கட்டியில் இருக்கிறது. நம் பேச்சில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறது: வெள்ளீயம், காரீயம். ரோமானியர்களும் இப்படித்தான் வெள்ளை ஈயம், கறுப்பு ஈயம் என்று லத்தீனில் பெயரிட்டிருந்தார்கள். திராட்சைச் சாற்றைக் காரீயப் பாத்திரத்தில் காய்ச்சிக் குடித்தார்கள். காரீயம் பழச்சாற்றோடு சேர்ந்து உண்டாக்கும் உப்பு இனிக்கும், அதனால் நாக்கு எச்சரிக்கவில்லை.

இன்று கலப்படத்துக்குக் காரணம் விலை. வெள்ளீயம் காரீயத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விலை போகிறது. கணிசமாகக் காரீயம் கலந்த ஈயம் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், பரப்புவதும் சுலபம். உடலோ காரீயத்தைக் கால்சியம் என்று ஏமாந்து எலும்பில் சேர்த்து வைக்கிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் குடல் அதை அதிகமாக உள்ளே இழுக்கும். அது அவர்களின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லும் அளவே காரீயத்துக்குக் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பித்தளையிலும் இண்டாலியத்திலும் செய்த சில இறக்குமதிப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் கசிவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2025இல் எச்சரித்தது. நம் வீட்டு அலமாரியில் இருப்பவையும் இதே வகைகள்தான்.

வீட்டில் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவுதான். சுத்த வெள்ளீயக் குச்சியை வளைத்தால் உள்ளே படிகங்கள் இடம்மாறுவதால் நறநறவென்று சத்தம் வரும். காரீயம் சத்தமில்லாமல் வளையும், வெள்ளைத் தாளில் தேய்த்தால் பென்சில் மாதிரி கோடு போடும். நூற்றில் இரண்டு மூன்று பங்கு கலப்பை இந்தச் சோதனைகள் காட்டிக்கொடுக்காது, அந்த அளவே குழந்தைக்கு அதிகம். தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் எக்ஸ்-கதிர்க் கருவியின் முறையில் சோதித்தால் தெரிந்துவிடும்.

தினப்படி புளிக்குழம்புக்கு நான் 304 ரக எவர்சில்வரைத்தான் சொல்வேன். அதிலுள்ள குரோமியம் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலத்தை உண்டாக்கும், கீறல் விழுந்தாலும் காற்றுப்பட்டு அது தானே மூடிக்கொள்ளும். பாட்டி காலத்துச் சொம்பைச் சோதிக்காமல் குழந்தைக்கு அதில் ரசம் வைக்காதீர்கள். பித்தளையில் பூச்சு தேய்ந்து மஞ்சள் எட்டிப்பார்த்தால் புளிப்பை நிறுத்திவிடுங்கள். மறுபடி பூசக் கொடுக்கும்போது, சோதித்த வெள்ளீயத்தை நீங்களே வாங்கிக்கொண்டு போய், அவர் பூசி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள்.