பூஜ்ஜியம் காட்டும் சென்சார் வேலை செய்கிறதா?

பெரிய கேன்டீன்களின் பின்பக்கம் கேஸ் சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தி ஒரே பைப்பில் இணைத்திருக்கும் அறைக்குள் போனால், குனிந்து பார்த்தால்தான் தெரிகிற உயரத்தில் சுவரில் ஒரு உலோகப் பெட்டி இருக்கும், அதுதான் கேஸ் டிடெக்டர். ஏன் அவ்வளவு கீழே? சமையல் எரிவாயு புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது, காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், கசிந்தால் தண்ணீர் மாதிரி தரையில் பரவிப் பள்ளம் தேடிப் போகும். அதனால் தரையிலிருந்து ஒரு அடி உயரம். குழாயில் வரும் இயற்கை எரிவாயு என்றால் நேர் எதிர், பெரும்பகுதி மீத்தேன், மேலே ஏறும், டிடெக்டரும் கூரையோரம் போக வேண்டும். சிலிண்டரிலிருந்து குழாய் எரிவாயுவுக்கு மாறிய பிறகும் டிடெக்டரைத் தரையோரமே விட்டுவைத்த இடத்தை நானே பார்த்திருக்கிறேன்.

உள்ளே நடப்பது எளிமையானது. மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருளை வைத்துச் செய்த இரண்டு குட்டி மணிகள், மின்சாரம் பாய்ந்து ஏறத்தாழ 500 டிகிரி சூட்டில் இருக்கும். ஒன்றின் மேல் வினையூக்கி பூசியிருப்பதால் எரிவாயு அதன் மேல் தீச்சுடர் இல்லாமலே எரியும், மணி இன்னும் சூடாகும், கம்பியின் மின்தடை கூடும். இன்னொன்றில் வினையூக்கி கிடையாது, எனவே வெயிலோ ஈரமோ மாறினால் இரண்டும் சேர்ந்தே மாறும், வித்தியாசம் வந்தால் அது எரிவாயுவால்தான். அந்த வித்தியாசத்தைத்தான் வீட்ஸ்டன் பாலம் என்ற மின்சுற்று அளக்கிறது.

டிடெக்டரோடு கேபிளில் இணைந்திருக்கும் கட்டுப்பாட்டுப் பேனலில் தெரியும் சதவீதம் காற்றில் உள்ள எரிவாயுவின் சதவீதம் அல்ல. தீப்பற்ற வேண்டுமானால் காற்றில் குறைந்தது இவ்வளவு எரிவாயு வேண்டும் என்று ஒரு கீழ் எல்லை உண்டு, எல்.ஈ.எல். என்பார்கள், புரொப்பேனுக்கு அது ஏறத்தாழ 2 சதவீதம். பேனலில் 100 என்றால் அந்த 2 சதவீதம் வந்துவிட்டது என்று பொருள். பல இடங்களில் முதல் அலாரத்தை 20-இல் வைப்பார்கள்.

சரி, வயரிங். டிடெக்டர் பேனலுக்கு அனுப்புவது 4 முதல் 20 மில்லி ஆம்பியர்: 4 என்றால் பூஜ்ஜியம், 20 என்றால் 100. பூஜ்ஜியத்துக்கு ஏன் 4 என்றால், கேபிள் அறுந்தால் கரண்ட் சுத்தமாக நின்றுபோகும், அது வேறு, எரிவாயு இல்லாதது வேறு என்று பேனலுக்குத் தெரிய வேண்டுமே. கேபிள் நீளத்தையும் கணக்குப் போட வேண்டும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 12 ஓம், 500 மீட்டர் போய் வர மொத்தம் அதே 12 ஓம், டிடெக்டர் 200 மில்லி ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 2.4 வோல்ட் போய்விடும். கேபிளின் இன்சுலேஷனை மெகர் (அதிக வோல்ட்டேஜ் கொடுத்துச் சோதிக்கும் கருவி) வைத்துச் சோதிப்பதென்றால் டிடெக்டரை இணைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள், அந்த வோல்ட்டேஜ் உள்ளே போனால் போர்டு காலி.

சென்சார் முகம் கீழே பார்த்தபடி இருக்கட்டும், தண்ணீர் தேங்காது. பெயிண்ட் வேலை, வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் சென்சார் முகத்தை மறைத்திருக்கும் பாதுகாப்பு மூடியை எடுக்க வேண்டும். அப்புறம் பவர் கொடுத்துவிட்டு, முடிந்தால் ஒரு ராத்திரி முழுக்க விட்டுவிடுவேன். மணிகள் சூடேறி நிலைப்படும் முன் பூஜ்ஜியம் வைத்தால் மறுநாள் அது நகர்ந்திருக்கும். அறையில் ஏற்கெனவே லேசான கசிவு இருக்கும்போது பூஜ்ஜியம் வைப்பது இன்னும் மோசம்: 5 இருக்கும்போது அதைப் பூஜ்ஜியம் என்று சொல்லிக்கொடுத்தால், உண்மையில் 20 வரும்போது அது 15 என்றுதான் சொல்லும். சந்தேகம் இருந்தால் சுத்தக் காற்று சிலிண்டரை வைத்துப் பூஜ்ஜியம் வையுங்கள்.

அடுத்து ஸ்பான், அதாவது அளவு தெரிந்த எரிவாயுவைக் காட்டி ரீடிங் சரியா என்று பார்ப்பது. காற்றில் 1 சதவீதம் புரொப்பேன் கலந்த சிலிண்டர், நிமிடத்துக்கு அரை லிட்டர் அளவில், சென்சார் முகத்தில் மாட்டும் சோதனை மூடி வழியாக விட்டால் ரீடிங் 50-க்கு ஏற வேண்டும், மீட்டரில் 12 மில்லி ஆம்பியர். நைட்ரஜனில் கலந்த சிலிண்டர் உதவாது, ஆக்சிஜன் இல்லாமல் மணியில் எதுவும் எரியாது. இதே காரணத்தால்தான் எரிவாயு ரொம்ப அதிகமாகிக் காற்றைத் தள்ளிவிட்டால் ரீடிங் ஏறிவிட்டுத் திரும்ப இறங்கும், ஆபத்து போய்விட்டதென்று நினைத்து உள்ளே நுழைந்துவிடக் கூடாது.

லைட்டரை அமுக்கிக் காட்டி "ஏறுது சார், ஓகே" என்பவர்கள் நிறைய. அதிலிருந்து வருவது கிட்டத்தட்ட முழு பியூட்டேன், பாதி செத்த சென்சார்கூட அதற்கு எகிறும், மணியும் அளவுக்கு மேல் சூடாகிக் கெடும்.

ஒரு தொழிற்சாலையில் மழைநீர் இறங்குகிறதென்று கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் உள்ள கிளாண்டைச் சுற்றி யாரோ சிலிக்கோன் பூசியிருந்தார்கள். சிலிக்கோன் ஆவி சூடான மணியில் பட்டால் வினையூக்கியை மூடிவிடும், அதற்கு மருந்தே கிடையாது. அங்கே பேனலில் பச்சை விளக்கு, 4 மில்லி ஆம்பியர், ஃபால்ட் எதுவும் இல்லை, மாதக்கணக்காக அழகாகப் பூஜ்ஜியம். கம்பி அறுந்தால்தானே பேனலுக்குத் தெரியும், மணி சூடாகத்தான் இருந்தது. 50 வர வேண்டிய கேஸைப் பிடித்தோம், ரீடிங் 3-ஐத் தாண்டவில்லை. புது சென்சார் போட்டு, கிளாண்டுக்குச் சரியான ரப்பர் வாஷர் வாங்கி மாட்டி, முதலிலிருந்து மறுபடி ஒரு ராத்திரி காத்திருந்தோம்.