64-ம் 70-ம் சமம்தான், எப்படி?

முதல் தேர்வில் 70, அடுத்த தேர்வில் 64. பிள்ளை படிப்பில் பின்தங்கிவிட்டான் என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் பள்ளியிலேயே தயாரிக்கும் வினாத்தாள்கள் ஒன்றைப் போல் ஒன்று கடினமாக இருப்பதில்லை, அதனால் வெறும் மார்க்கை அப்படியே ஒப்பிட முடியாது.

முதல் தேர்வில் வகுப்புச் சராசரி 60, திட்ட விலக்கம் 10 என்று வைத்துக்கொள்வோம். திட்ட விலக்கம் என்பது மார்க்குகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு. இரண்டாவதில் சராசரி 48, விலக்கம் 16. சராசரி 12 குறைந்திருக்கிறது, சரி, எல்லோருக்கும் 12 கூட்டிப் போட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அங்கேதான் அநியாயம் நடக்கிறது. 64 வாங்கியவர் சராசரிக்கு மேல் சரியாக ஒரு விலக்கம் தள்ளி இருக்கிறார், முதல் தேர்வின் அளவில் அது 70, ஆனால் 12 கூட்டினால் அவருக்கு 76 கிடைத்துவிடும். 32 வாங்கியவர் ஒரு விலக்கம் கீழே, அவருக்கு நியாயமாக வரவேண்டியது 50, கிடைப்பதோ 44. உதவி தேவைப்படும் பிள்ளைக்குத்தான் இதில் அடி விழுகிறது. எனவே சராசரியிலிருந்து உள்ள தூரத்தை எடுத்து, 16-ஆல் வகுத்து, 10-ஆல் பெருக்கி, 60-ஐக் கூட்ட வேண்டும். யாருடைய ரேங்கும் இதில் மாறாது.

மார்க்கின் வர்க்கமூலத்தைப் பத்தால் பெருக்கும் வழக்கமும் உண்டு. 36 என்பது 60 ஆகும், 81 என்பது 90 ஆகும். கணக்கு சுலபம்தான், ஆனால் அந்த வினாத்தாள் எவ்வளவு கடினம் என்பதை அது பார்ப்பதே இல்லை, அதனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இன்னொரு பெரிய சிக்கல் இருக்கிறது. சராசரி குறைந்ததற்குக் காரணம் கடினமான வினாத்தாளா, இல்லை பாடம் சரியாகப் புரியாததா? சராசரியை மட்டும் பார்த்தால் தெரியாது. இரண்டு பிரிவுகளுக்கு இரண்டு வினாத்தாள் என்றால், சில கேள்விகளை இரண்டிலும் அச்சு மாறாமல் வைக்க வேண்டும். அந்தப் பொதுக் கேள்விகளில் இரு பிரிவும் ஒரே அளவு எழுதியிருந்து, மொத்த மார்க்கில் மட்டும் ஒரு பிரிவு இறங்கியிருந்தால் குறை வினாத்தாளில்தான். பொதுக் கேள்விகளிலேயே சறுக்கியிருந்தால், மார்க்கை ஏற்றிக் கொடுப்பதை விட்டு அந்தப் பாடத்தை மறுபடி நடத்துவதே சரி.

அப்புறம், வகுப்பில் 25 பேர், விலக்கம் 15 என்றால், அந்தச் சராசரியே தற்செயலாக 3 மார்க் (15-ஐ 25-இன் வர்க்கமூலமான 5-ஆல் வகுத்தால் வருவது) முன்னே பின்னே போகக்கூடியது. அதனால் ஒரே ஒரு மார்க்கில் கிரேடு நழுவும் பிள்ளையின் விடைத்தாளை ஆசிரியர் இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.