தைராய்டு டெஸ்ட்: எந்த நேரத்து ரத்தம்?

காலை எட்டு மணிக்குக் கொடுத்த ரத்தத்தில் டிஎஸ்ஹெச் என்ற ஹார்மோன் 4.8 என்று வருகிறது. லேப் போட்டிருக்கும் மேல்வரம்பு 4.0. ரிப்போர்ட்டில் அந்த எண் தடித்த எழுத்தில் முறைக்கிறது. அதே ஆள் அன்றைக்கே பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடி ரத்தம் கொடுத்தால் 3.4 வரக்கூடும், தடித்த எழுத்து காணாமல் போயிருக்கும். மெஷின் பழுதில்லை, ரத்தமும் மாறிவிடவில்லை. இரண்டு ரிப்போர்ட்டும் சரிதான்.

டிஎஸ்ஹெச் தைராய்டில் சுரப்பது என்று பலர் நினைக்கிறார்கள். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி, கழுத்தில் இருக்கும் தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு அது. உத்தரவைக் கேட்டு தைராய்டு தன் இரண்டு ஹார்மோன்களை, நிறைய டி4-ஐயும் கொஞ்சம் டி3-ஐயும், சுரக்கிறது. ரத்தத்தில் டி4 போதுமான அளவு இருந்தால் பிட்யூட்டரி குரலைத் தாழ்த்திக்கொள்ளும். குறைந்தால் கத்தும். அந்தக் கத்தலும் அளவோடு இருக்காது: டி4 பாதியாகக் குறைந்தால் டிஎஸ்ஹெச் நூறு மடங்கு வரைகூட எகிறலாம். தைராய்டில் லேசான தடுமாற்றம் இருந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பது டிஎஸ்ஹெச்தான். டாக்டர்கள் அதை முதலில் பார்ப்பது இதனால்தான்.

இந்தக் குரலுக்கு ஒரு நாள் கணக்கும் உண்டு. சாயங்காலத்துக்கு மேல் டிஎஸ்ஹெச் ஏறத் தொடங்கி, நள்ளிரவு தாண்டி விடியலுக்குள் உச்சத்தைத் தொடும். காலையில் இறங்கி, பிற்பகலில் அடிமட்டத்துக்கு வரும். தூக்கம் இந்த ஏற்றத்துக்கு ஒரு கடிவாளம். ராத்திரி முழுக்க விழித்திருந்தால் உச்சம் இன்னும் மேலே போகும். ஆகவே இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராக லேபுக்குப் போகிறவரின் எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

சரி, வெறும் வயிறு அவசியமா? தைராய்டுக்கு மட்டும் என்றால் கட்டாயமில்லை. சாப்பிட்ட பிறகு டிஎஸ்ஹெச் சற்றுக் குறையும் என்பது உண்மைதான், ஆனால் சர்க்கரை டெஸ்ட் போல அது எல்லாவற்றையும் குழப்பிவிடாது. பட்டினியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒரே மாதிரி செய்வது. போன தடவை காலையில் சாப்பிடாமல் போனீர்கள் என்றால் இந்தத் தடவையும் அதே நேரம், அதே வயிறு, முடிந்தால் அதே லேப். அப்போதுதான் இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கும்.

தைராய்டு குறைவுக்குக் கொடுக்கும் லெவோதைராக்சின் மாத்திரை வேறொன்றுமில்லை, செயற்கையாகச் செய்த டி4. விழுங்கி இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் ரத்தத்தில் டி4 ஒரு குட்டி மலை ஏறி இறங்கும். அந்த நேரத்தில் ஊசி குத்தினால் டி4 கூடுதலாகத் தெரியும். ஆகவே ரத்தம் கொடுத்துவிட்டு, அப்புறம் மாத்திரை. மாத்திரையைச் சில மணி நேரம் தள்ளிப்போடுகிறோம், அவ்வளவுதான், அன்றைக்கு விட்டுவிடுவதில்லை. ‘மருந்தில்லாமல் நிஜ அளவு எவ்வளவு என்று பார்ப்போமே’ என்று டாக்டரைக் கேட்காமல் ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். டி4-இன் அரை ஆயுள் சுமார் 7 நாள். ஒரு வாரம் நிறுத்தினாலும் மாத்திரை தந்ததில் பாதி உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும். கிடைக்கும் எண் மருந்தோடு இருக்கும் நிலையையும் சொல்லாது, மருந்தில்லாத நிலையையும் சொல்லாது.

டோஸ் மாற்றிய பிறகு 6 முதல் 8 வாரம் கழித்து வரச் சொல்வதும் இதே கணக்குதான். புதிய அளவில் டி4 நிலைகொள்ளவே ஐந்து வாரம் ஆகும். அதைப் பார்த்துப் பிட்யூட்டரி தன் குரலை மாற்றிக்கொள்ள இன்னும் கொஞ்ச நாள். பத்தாம் நாளே போய்ப் பார்ப்பது, அடுப்பில் ஏற்றிய உடனே கொதித்ததா என்று மூடியைத் திறப்பது போலத்தான்.

இனி, பலருக்குத் தெரியாத ஒரு வில்லங்கம்: முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் போதுமானதாகக் கருதப்படுவது 30 மைக்ரோகிராம். இந்த மாத்திரைகளில் 5,000, 10,000 மைக்ரோகிராம்கூட இருக்கும். அது தைராய்டை ஒன்றும் செய்வதில்லை, மெஷினை ஏமாற்றுகிறது. பல மெஷின்கள் ஹார்மோனைப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் பயோட்டின் என்ற கொக்கியால்தான் ஓரிடத்தில் மாட்டி வைக்கின்றன. ரத்தத்திலேயே பயோட்டின் நிரம்பி வழிந்தால் கொக்கி மாட்டும் இடங்களை அது பிடித்துக்கொள்ளும். ஆன்டிபாடி மாட்ட இடமில்லாமல் கழுவப்பட்டுப் போய்விடும், மெஷினுக்குக் கிடைக்கும் சிக்னல் குறையும். டிஎஸ்ஹெச் டெஸ்டில் சிக்னல் குறைந்தால் ஹார்மோன் குறைவு என்று பொருள். டி4, டி3 டெஸ்டில் கணக்கு தலைகீழ், சிக்னல் குறைந்தால் ஹார்மோன் அதிகம். ஆக, டிஎஸ்ஹெச் தரைதட்டி, டி4 கூரையைத் தொட்டு, தைராய்டு தாறுமாறாகச் சுரக்கிறது என்று அச்சடித்தாற்போல ஒரு ரிப்போர்ட் வரும். ஆளுக்கு ஒரு குறையும் இருக்காது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இல் இந்தக் குழப்பத்தைப் பற்றி எச்சரிக்கை விட்டது. டெஸ்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்தினால் பெரும்பாலும் போதும். மிக அதிக அளவில் எடுப்பவர்கள் எத்தனை நாள் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ‘அது வெறும் விட்டமின்தானே’ என்று நோயாளிகள் சொல்லாமல் விடுவதுதான் பிரச்சினை.

கடும் காய்ச்சல், ஆபரேஷன், ஆஸ்பத்திரி வாசம் இவற்றின் நடுவில் எடுக்கும் தைராய்டு டெஸ்டும் வழி தவறச் செய்யும். நோயின்போது டிஎஸ்ஹெச் தாழும், தேறி வரும்போது கொஞ்ச நாள் தூக்கலாக நிற்கும். அவசரமில்லை என்றால் சில வாரம் தள்ளிப் பார்ப்பது நல்லது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் டிஎஸ்ஹெச் இயல்பாகவே குறையும்; கர்ப்பிணிகளுக்கு வரம்பே வேறு.

கடைசியாக ஒரு வேடிக்கை. மாதக்கணக்கில் மாத்திரையை மறந்துவிட்டு, டெஸ்டுக்கு முந்தின வாரம் மட்டும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு வருவார்கள். டி4 அழகாக வரம்புக்குள் இருக்கும். மெதுவாக மனம் மாறும் பிட்யூட்டரி மட்டும் பழைய குரலிலேயே கத்திக்கொண்டிருக்கும், டிஎஸ்ஹெச் 15, 20 என்று நிற்கும். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்ததும் அனுபவமுள்ள டாக்டர் டோஸைக் கூட்ட மாட்டார். தலையை நிமிர்த்தி, “எத்தனை நாள் மாத்திரை போடலை?” என்றுதான் கேட்பார்.