அரைப்பேர் வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டு

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார்: "அண்ணா, பழைய ஜிடி 710 கார்டு ஒன்று வாங்கி வீட்டு கம்ப்யூட்டரில் போட்டேன். படம் வருகிறது, ஆனால் எழுத்தெல்லாம் பெரிது பெரிதாகத் தெரிகிறது. என்விடியாவின் புது டிரைவரை (கார்டை வேலை செய்ய வைக்கிற மென்பொருள்) ஏற்றினால் பொருத்தமான ஹார்ட்வேர் இல்லை என்கிறது. டவுனில் ஒரு கடையில் இரண்டு தடவை ஃபார்மட் அடித்துக் கொடுத்தார்கள். அப்போதும் அதே கதைதான். கார்டு பழுதா?"

மொனிட்டர் கேபிள் மதர்போர்டில் இல்லாமல் கார்டிலேயே செருகியிருந்து படமும் வந்தால், பெரும்பாலும் பழுதில்லை. பவர் சப்ளையையும் சந்தேகிக்க வேண்டாம். 710 குடிப்பது 19 வாட்தான். வீட்டு பல்பு இரண்டு சேர்ந்தால் அவ்வளவு வந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கார்டைச் செருகி ஸ்விட்சைப் போட்டதும் பெட்டிக்குள் ஒரு பெரட்டு நடக்கிறது. தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுப்பார்களே, அதேதான். ஒவ்வொரு இடமாக "யார் இருக்கிறது?" என்று கேள்வி போகும். வெறும் ஸ்லாட்டில் பதில் சொல்ல ஆளில்லை. அப்போது வாசிக்கிற பிட் எல்லாமே 1 ஆக வரும். சாதாரண தரத்தில் படித்த பதினறும எண்ணில் எழுதினால் எஃப்எஃப்எஃப்எஃப். ஆள் இல்லாத இடத்துக்கென்றே ஒரு நம்பர்! அதனால்தான் அந்த நம்பரை எந்தக் கம்பெனிக்கும் கொடுப்பதில்லை.

கார்டு இருந்தால் அது நம்பரால் பதில் சொல்லும். கம்பெனிக்கு ஒரு நம்பர்: என்விடியாவுக்கு 10டிஈ, ஏஎம்டிக்கு 1002, இன்டெலுக்கு 8086. (1978இல் விட்ட சிப்பின் பெயரையே இன்டெல் தன் நம்பராக வைத்துக்கொண்டிருக்கிறது. பொறியாளர்களுக்கும் குறும்பு உண்டு.) மாடலுக்கு ஒன்று: 710 கார்டுகளில் பெரும்பாலானவை 128பி. கார்டைத் தயாரித்து விற்றவருக்கு ஒன்று. இவற்றோடு ஒரு வகை நம்பரும் உண்டு. 03 என்றால் "நான் திரைக்குப் படம் அனுப்புகிற சாமான்" என்று அர்த்தம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த 03தான்.

ஏன் என்று சொல்கிறேன். ஒவ்வொரு டிரைவருக்குள்ளும் ஐஎன்எஃப் என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். நோட்பேடிலேயே திறந்து வாசிக்கலாம். அதுதான் செக்ரோல் (தோட்டத்தில் ஆள் பேர் பதிகிற புத்தகம் மாதிரி), அந்த டிரைவர் வேலை வாங்கத் தெரிந்த நம்பர்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். விண்டோஸ் தன்னிடம் உள்ள செக்ரோல்களில் முதலில் கம்பெனி, மாடல், விற்றவர் என எல்லா நம்பரும் ஒத்துப்போகிற வரியைத் தேடும். கிடைக்காவிட்டால் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துக் கடைசியில் வகை நம்பருக்கு இறங்கும். "யாரென்று தெரியவில்லை, ஆனால் 03 ஆள்" என்று தெரிந்தால் போதும், மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற பொது டிரைவரை மாட்டிவிடும். படம் வரும், வீடியோ திணறும், கேம் ஓடாது, எழுத்து பெரிதாகத் தெரியும். நம்ம கணக்கில் இது அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். கொழுந்து எடை குறைந்தால் நாள் முழுக்க மலையில் நின்றவருக்கும் அரைப்பேர்தானே விழுகிறது.

அப்படியானால் என்விடியாவின் புது செக்ரோலில் 128பி எங்கே? எடுத்துவிட்டார்கள். 710க்குள் இருப்பது 2012இல் வந்த கெப்ளர் வகைச் சிப். 2021இல் வழக்கமான புது டிரைவர்களிலிருந்து கெப்ளரை நிறுத்தினார்கள். அதற்குரிய கடைசி வரிசை 470. ஆகவே ஆகப் புதியதை இறக்காமல், என்விடியா தளத்தில் கார்டு மாடலைத் தெரிவு செய்து தேடுங்கள். அதற்கு உரியது வரும்.

இரண்டு தடவை ஃபார்மட் அடித்தார்களே, அதைப் பரிகாரம் என்றுதான் சொல்வேன். கம்ப்யூட்டருக்குக் கண்ணூறு என்று எலுமிச்சம்பழம் கட்டுகிறவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவர் பரவாயில்லை, உங்கள் படங்களை அழிக்கவில்லை. ஃபார்மட் அடித்தால் கார்டின் நம்பரும் மாறாது, செக்ரோலும் மாறாது.

துடைத்தெடுக்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு: டிரைவர் ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது. 150 மெகாவாட் மேல்கொத்மலைத் திட்டத்தின் அணை உங்கள் ஊரிலேயே இருந்தும், 2022இல் நாடு ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பாதியில் நின்ற டிரைவரின் மிச்சங்கள் அடுத்ததைக் குழப்பலாம். அதற்கும் ஃபார்மட் வேண்டாம். சேஃப் மோடில் (விண்டோஸை அத்தியாவசியமானவற்றோடு மட்டும் திறக்கிற முறை) போய் டிடியு என்ற இலவச மென்பொருளால் பழைய டிரைவரை மட்டும் துடைக்கலாம். அந்த நேரம் இன்டர்நெட்டைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் இடையில் விண்டோஸ் அப்டேட் தன் பங்குக்கு ஒரு டிரைவரை ஏற்றப் பார்க்கும்.

அப்புறம், 470ஐ இறக்குவதற்கு முன்னால் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரின் ப்ராப்பர்டீஸ், அதில் டீடெய்ல்ஸ், அதில் ஹார்ட்வேர் ஐடீஸ் வரை போய்ப் பாருங்கள். 10டிஈயும் 128பியும் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். வேறு மாடல் நம்பர் இருந்தால், கார்டின் மேல் ஒட்டியுள்ள ஸ்டிக்கரை நம்பாமல் அந்த நம்பரை எனக்கு எழுதுங்கள்.