ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: மேலறை நடுக்கம் (சொல் விளக்கம்)

பைபாஸ் அறுவை முடிந்த இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்கு மானிட்டரில் துடிப்பு தாறுமாறாக ஓடத் தொடங்கும். கேஸ் ஷீட்டில் ‘ஏ.எஃப்.’ என்று இரண்டெழுத்து ஏறும். வீட்டாரிடம் ‘துடிப்பு கொஞ்சம் சீராக இல்லை, மருந்து போட்டிருக்கிறோம்’ என்பார்கள். பொய்யில்லை, ஆனால் முக்கியமான ஒன்று அதில் விடுபட்டுப்போகிறது. சீர் கெட்டிருப்பது இதயத்தின் எந்த அறையில்? அது தெரிந்தால்தான் இந்தக் கோளாறு ஏன் மூளைவரை போகிறது என்பது புரியும். ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்ற பெயரின் முதல் பாதியே அந்த அறையின் பெயர்தான்.

ஏட்ரியம் லத்தீன் சொல். பழைய ரோமானிய வீடுகளில் வாசலைத் தாண்டியதும் வரும், கூரை நடுவில் திறந்த முற்றத்துக்கு அந்தப் பெயர். உடலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் வரும் ரத்தம் இதயத்துக்குள் முதலில் நுழையும் இடம் என்பதால் மேலே உள்ள இரண்டு அறைகளுக்கும் அதே பெயரை வைத்தார்கள். அதற்கு முன்பு வெகுகாலம் புழங்கியது ‘ஆரிக்கிள்’. அதற்குச் ‘சின்னக் காது’ என்று பொருள். மேலறையின் வெளிப்புறம் காதுமடல்போல ஒரு சிறு பை ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து அறை முழுவதையுமே அப்படி அழைத்தார்கள். இலங்கைப் பாடநூல்களின் ‘சோணையறை’ இந்த வழியில் வந்தது. காதுச் சோணை என்று அங்கே இன்றும் பேச்சில் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் ஆரிக்கிள், ஏட்ரியம், மேலறை மூன்றும் வழக்கில் இருக்கின்றன. இடது மேலறையில் உள்ள அந்தக் காதுமடல் பையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஃபிப்ரிலேஷனின் வேர் ‘ஃபைப்ரா’. நார், இழை என்று பொருள். ‘ஃபிப்ரில்லா’ என்றால் நுண்ணிழை. விலங்குகளின் இதயத்தை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்த 19ஆம் நூற்றாண்டு உடலியலாளர்கள், தசை ஒருமித்துச் சுருங்காமல் ஒவ்வோர் இழையும் தன்பாட்டுக்கு நெளிவதைக் கண்டார்கள். 1874இல் பிரான்சின் வுல்பியான் அந்த அசைவை ‘நுண்ணிழை அசைவு’ என்று குறித்தார். மனிதரின் தாறுமாறான நாடிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு உறுதியாக நிறுவப்பட்டது 1909இல்: இங்கிலாந்தில் தாமஸ் லூயிஸ், வியன்னாவில் ராத்பெர்கரும் விண்டர்பெர்க்கும். லூயிஸ் எழுதியது ‘ஆரிகுலர் ஃபிப்ரிலேஷன்’ என்றுதான். ஏட்ரியல் என்பது பின்னால் நிலைத்தது.

உள்ளே நடப்பது இதுதான். மேலறையில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்தூண்டல்கள் குழம்பித் திரிகின்றன. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள கணு அவற்றில் ஒரு பகுதியை மட்டும், அதுவும் ஒழுங்கில்லாமல், கீழே விடுகிறது. அதனால் கீழறை 100, 130, 150 என்று ஓடுகிறது. இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரம் ஒன்றுபோல இருப்பதில்லை. இ.சி.ஜி.யில் மேலறைச் சுருக்கத்தைக் காட்டும் ‘பி’ அலை காணாமல் போகும். சுருங்க வேண்டிய மேலறை நடுங்கிக்கொண்டு மட்டும் இருக்கும். ரத்தம் அங்கே தேங்கும்.

தமிழில் இதற்கு வழங்கும் சொற்களில் ‘படபடப்பு’ பொருந்தாது. அது நோயாளி உணரும் அறிகுறி. மேலறை நடுங்கும் பலருக்குப் படபடப்பே தெரிவதில்லை. ‘சீரற்ற இதயத்துடிப்பு’ ஒரு பெரிய குடும்பப் பெயர். பைபாஸுக்குப் பிறகு சாதாரணமாக வரும், பெரும்பாலும் தீங்கில்லாத தனித்தனி முந்துதுடிப்புகளும் (நேரத்துக்கு முன்பே வந்துவிடும் துடிப்புகள்) அதில் அடங்கும். அறையின் பெயரைச் சொல்லாமல் வெறுமனே ‘இதய நடுக்கம்’ என்று எழுதுவது ஆபத்தானது. கீழறையில் இதே நடுக்கம் வந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும், உடனே மின்அதிர்ச்சி கொடுத்தாக வேண்டும். ‘உதறல்’ அசைவைச் சரியாகக் காட்டுகிறது, ஆனால் ‘உதறல் எடுக்கிறது’ என்றாலே நமக்கு நினைவு வருவது பயம். ‘குறுநடுக்கம்’ கலைச்சொல்லாக நன்றாக இருக்கிறது. வாய்ப்பேச்சில் ஏறுவது கடினம். எங்கள் பரிந்துரை ‘மேலறை நடுக்கம்’. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பைபாஸுக்குப் பின் புதிதாக வந்த மேலறை நடுக்கம்’ என்று முழுதாக எழுதலாம். முன்பே இருந்ததா, அறுவைக்குப் பின் வந்ததா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும் என்பதால் ‘புதிதாக’ என்பதை விட்டுவிடக் கூடாது.

பைபாஸ் மட்டும் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் பேருக்கு இது வருகிறது. வால்வு அறுவையும் சேர்ந்தால் இன்னும் அதிகம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள்வரை உச்சம். அந்த நாட்களில் ஏன்? வெட்டுப்பட்ட இதய உறையில் அழற்சி ஏறும் நேரம் அது. வலியாலும் அழுத்தத்தாலும், துடிப்பைக் கூட்டும் பரிவு நரம்புகள் முறுக்கேறியிருக்கும். அறுவையின்போது திசுக்களுக்குள் போன திரவம் ரத்தக்குழாய்க்குத் திரும்பி மேலறையை உப்பவைக்கும். வழக்கமாகச் சாப்பிட்ட பீட்டா பிளாக்கரை (துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மருந்து) நிறுத்தி, திரும்பத் தொடங்க மறந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். இத்தனைக்கும் அடியில் வயது, பெருத்த இடது மேலறை, நுரையீரல் நோய் ஆகியவை ஏற்கெனவே களத்தைத் தயாராக வைத்திருக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் அளவு 4.5க்குக் (லிட்டருக்கு மில்லிமோல்) கீழே போனாலே பொட்டாசியம் ஏற்ற வேண்டும் என்பது பல இதய அறுவைப் பிரிவுகளில் நெடுநாள் வழக்கம். 3.6க்குக் கீழே போகும்வரை காத்திருந்தாலும் நடுக்கம் கூடவில்லை என்று 2024இல் வெளியான பிரிட்டன், ஜெர்மனி ஆய்வு காட்டியது. இதய உறையின் பின்பக்கம் இடதுபுறமாக ஒரு சிறு திறப்பு வைத்து, தேங்கும் திரவத்தை நெஞ்சறைக்குள் வடியவிடும் முறைக்கு நல்ல பலன் உண்டு: 2021 ஆய்வு ஒன்றில் நடுக்கம் 32 சதவீதத்திலிருந்து 17 சதவீதமாகக் குறைந்தது.

இனி பக்கவாதம். ‘பக்க’ உடலின் ஒரு பக்கம், ‘வாதம்’ சித்த மருத்துவத்தின் வாதம். இலங்கையில் பாரிசவாதம் என்பார்கள். கை கால் விழுவதைப் பார்த்து வைத்த பெயர் இது. கை கால் நன்றாக இருந்து பேச்சு மட்டும் குழறினாலும், பார்வையில் ஒரு பாதி மட்டும் மறைந்தாலும் அதுவும் பக்கவாதம்தான். பெயரை நம்பி ‘கை கால் அசைகிறதே’ என்று காத்திருக்கக் கூடாது.

பைபாஸுக்குப் பின் வரும் பக்கவாதத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். மயக்கம் தெளியும்போதே குறை தெரிந்தால் பெரும்பாலும் காரணம் அறுவை மேசையில் இருக்கும்: பெருந்தமனியில் கவ்வியைப் போடும்போது பெயர்ந்த கொழுப்புத் துகள், அல்லது ரத்த அழுத்தம் இறங்கியது. நன்றாகக் கண்விழித்துப் பேசியவருக்கு இரண்டு நாள் கழித்து வாய் கோணினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மேலறை நடுக்கத்தை. ரத்தம் தேங்கிய காதுமடல் பையில் உறைந்து ரத்தக்கட்டி ஆகிறது. வால்வு நோய் இல்லாதவர்களிடம் இடது மேலறைக் கட்டிகளில் பத்தில் ஒன்பது அங்கேதான் காணப்படுகின்றன. நடுக்கம் நின்று மேலறை மறுபடி சுருங்கத் தொடங்கும்போதுகூட அந்தக் கட்டி பெயர்ந்து பெருந்தமனி வழியே மூளைக்குப் போகலாம். 48 மணி நேரத்துக்கு மேல் நீடித்த நடுக்கத்தை மின்அதிர்ச்சியால் மாற்றும் முன், மூன்று வாரம் உறைவுத்தடுப்பு மருந்து கொடுப்பதோ உணவுக்குழாய் வழி எக்கோவில் (ஒலியலைப் படம்) பையைப் பார்ப்பதோ இதனால்தான். ஐரோப்பிய வழிகாட்டி 2024இல் அந்த எல்லையை 24 மணி நேரமாகச் சுருக்கிவிட்டது.

துடிப்பை அடக்க முதலில் வருவது மெட்டோபுரோலால் போன்ற பீட்டா பிளாக்கர். ஓய்வில் 110க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் போதும். தாளத்தையே திருப்ப அமியோடரோன். ரத்த அழுத்தம் சரிந்தால் காத்திருப்பு இல்லை, உடனே மின்அதிர்ச்சி. நிலையாக இருப்பவர்களிடம் வேகத்தை மட்டும் அடக்குவதற்கும் தாளத்தைத் திருப்புவதற்கும் மருத்துவமனை நாட்களில் வேறுபாடு இல்லை என்று 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. பெரும்பாலானோருக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தாளம் திரும்பிவிடுகிறது.

வீட்டுக்கு வந்தபின் அதிகம் கோளாறாவது மாத்திரைதான். கையில் ஆஸ்பிரின் இருக்கும். கூடவே உறைவுத்தடுப்பு மருந்தான வார்ஃபரினோ அபிக்ஸபானோ இருக்கும். ‘இரண்டுமே ரத்தத்தை மெலிதாக்குவதுதானே, ஒன்று போதும்’ என்று இரண்டாவதை நிறுத்திவிடுகிறார்கள். ரத்தம் மெலிதாவதே இல்லை. உறையும் வேகம்தான் குறைகிறது. ஆஸ்பிரின் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கிறது, பைபாஸ் ஒட்டுக்குழாய் அடைபடாமல் இருக்க அது வேண்டும். மேலறையில் தேங்கிய ரத்தம் உறைவது ஃபைப்ரின் என்ற புரத இழைகளின் வலையால். அதை ஆஸ்பிரின் தடுக்காது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும் என்பதும் உண்மைதான். அதனால் எதை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே எழுதித் தர வேண்டும்.

உறைவுத்தடுப்பு எல்லோருக்கும் இல்லை. நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைப் பார்ப்பதோடு, இதயச் செயலிழப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, வயது 65க்கு மேலா 75க்கு மேலா, முன்பு பக்கவாதம் வந்ததா என்று மதிப்பெண் போட்டு முடிவெடுக்கிறார்கள். வயது 75 ஆனால் 2, முன்பு பக்கவாதம் வந்திருந்தால் 2, மற்றவற்றுக்கு ஒவ்வொன்று. இதயத்தமனி அடைப்பால் பைபாஸ் செய்துகொண்டவர் பெரும்பாலும் 1 மதிப்பெண்ணோடுதான் கணக்கைத் தொடங்குகிறார். அமெரிக்க வழிகாட்டி (2023) கசிவு ஆபத்து ஏற்கத்தக்கதாக இருந்தால் 60 நாள் கொடுத்து, பிறகு தாளத்தைப் பார்த்து மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. மேலறை நடுக்கம் முன்பே இருந்து அறுவைக்கு வருபவருக்கு, நெஞ்சைத் திறந்த அதே நேரத்தில் காதுமடல் பையை மூடிவிடலாம்: 2021இல் வந்த பெரிய ஆய்வில், சராசரி 3.8 ஆண்டுகளில் பக்கவாதமும் பிற உறுப்புகளுக்குக் கட்டி பாய்வதும் சேர்த்து 7.0இலிருந்து 4.8 சதவீதமாகக் குறைந்தன. அவர்களில் பெரும்பாலோர் உறைவுத்தடுப்பு மாத்திரையையும் தொடர்ந்தவர்கள். பையை மூடியாயிற்று என்று மாத்திரையைத் தாமாக விட்டுவிடலாகாது.

வார்ஃபரின் என்றால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் அளவு) 2 முதல் 3க்குள் இருக்க வேண்டும். அமியோடரோனைச் சேர்த்தால் அது ஏறும், வார்ஃபரினைக் கணிசமாகக் குறைக்க நேரும். அமியோடரோன் உடலை விட்டு வெளியேற வாரங்கள், மாதங்கள் ஆகும் என்பதால் அதை நிறுத்திய பின்னும் ஐ.என்.ஆர். மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். அடிக்கடி பார்க்க வேண்டும். அபிக்ஸபான் 5 மி.கி. நாளுக்கு இருமுறை. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது குறைவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல், இவற்றில் இரண்டு இருந்தால் 2.5 மி.கி. ஒரு வேளை மறந்தால் அன்றே நினைவு வந்ததும் சாப்பிடலாம், இரண்டாகச் சேர்த்துச் சாப்பிடக் கூடாது. மூட்டுவலிக்குச் சாதாரணமாக வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் இரண்டும் கூடாது. மலம் கறுப்பாகப் போனாலும் சிறுநீர் சிவந்தாலும் சொல்ல வேண்டும். முதல் சில வாரங்களில் மூச்சிரைப்பும் தலைச்சுற்றலும் கூடி அழுத்தம் இறங்கினால், இதய உறைக்குள் ரத்தமோ திரவமோ தேங்கி இதயத்தை நெருக்குகிறதா என்று அன்றே எக்கோ எடுக்க வேண்டும்.

நாடியை வீட்டிலேயே பார்க்கலாம். கட்டைவிரலின் கீழ், மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 60 விநாடி முழுக்க எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒழுங்கின்மை கையில் சிக்காது. தானியங்கி அழுத்தமானி மேலறை நடுங்கும்போது ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டும். மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

முகம் கோணியது, ஒரு கை இறங்கியது, பேச்சு குழறியது, இவற்றில் ஒன்று வந்தாலும் ஆம்புலன்ஸ். கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேர எல்லை உண்டு. பெரிய அறுவை முடிந்து 14 நாள் ஆகாதவருக்கும் உறைவுத்தடுப்பு மாத்திரை சாப்பிட்டவருக்கும் அந்த ஊசி பெரும்பாலும் தர முடியாது. பெரிய குழாய் அடைபட்டிருந்தால் கம்பி நுழைத்துக் கட்டியை எடுக்கும் வழி அவர்களுக்கும் திறந்திருக்கும், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம்வரை. ஆகவே ஆம்புலன்ஸ்காரரிடமே மூன்றைச் சொல்லிவிடுங்கள்: பைபாஸ் ஆன தேதி, கடைசி உறைவுத்தடுப்பு மாத்திரை சாப்பிட்ட நேரம், நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரம்.