டிடெக்டரை அணைத்து வையுங்கள், தம்பிகளே

போன வாரமும் என்னிடம் ஒரு பிளாஸ்டிக் பை வந்தது. உள்ளே சில சதுரச் செப்புக் காசுகள். புளி போட்டுத் தேய்த்து, கடையில் வாங்கிய குத்துவிளக்கு மாதிரி மின்னின. "பொத்தைக்குப் பக்கத்து உடங்காட்டுல மெட்டல் டிடெக்டர் வச்சு எடுத்தோம் சார், என்ன விலை போகும்?" என்று கொண்டுவந்த தம்பிகள் கேட்டார்கள். பழைய பாண்டியர் காசாக இருக்கலாம். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் மீன் இருந்திருக்கும். இப்போது இரண்டு பக்கமும் வழுவழு. காசின் மேல் படிந்திருக்கும் பச்சைப் படிவு அழுக்கு என்று யார்தான் சொல்லிக்கொடுத்தார்களோ! உருவமே பெரும்பாலும் அதில்தான் நிற்கிறது. புளி, எலுமிச்சை, உப்புத்தாள் எதுவும் வேண்டாம்.

வேறென்ன கிடைத்தது என்று கேட்டேன். "எல்லாம் துருப்பிடிச்ச இரும்பு சார், தூக்கிப் போட்டுட்டோம்."

பொருநை என்கிற தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்கள் பேசுகிற பேச்சா இது? தமிழகத்தில் இரும்பு 5,300 ஆண்டுப் பழமை என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்களே, அது தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் அகழாய்வில் கிடைத்த துருப்பிடித்த இரும்பை வைத்துத்தான். அந்த வயதும் இரும்பைச் சோதித்து வந்ததில்லை. அதோடு கிடந்த கரித்துண்டும் பானை ஓடும் சொன்னது. கரிக்கு டிடெக்டர் சத்தம் போடாது, உமிக்கும் எலும்புக்கும் போடாது. சத்தம் வந்த இடத்தில் மண்வெட்டியால் இரண்டு கொத்து கொத்தினால் மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்துவிடும். அப்புறம் அந்த இரும்பை மட்டும் கொண்டுவந்து வயது கேட்டால் நான் கையைத்தான் விரிக்க முடியும்.

இதைவிட எரிச்சல் தருவது ஒன்று உண்டு. "மண்ணுல மக்கிப் போறதை நாங்க காப்பாத்தத்தான செய்றோம்?" இல்லை. புதைந்த புதிதில் உலோகம் வேகமாக அரிக்கும். பிறகு மேலே ஒரு படிவு கட்டி, சுற்றியுள்ள மண்ணோடு ஒத்துப்போய் அரிப்பு மிகவும் மெதுவாகிவிடும். அப்படியே நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். நீங்கள் வெளியே எடுத்ததும் காற்றும் ஈரமும் பட்டு, உள்ளே ஊறிய உப்பு வேலையைத் தொடங்குகிறது. இரும்பு ஏடு ஏடாக உரியும். செம்பில் வெளிர்பச்சைப் பொடி பூக்கும். பீரோவில் வைத்த பொருள் இரண்டு மழைக்காலம் தாங்குவதே பெரிய விஷயம். காப்பாற்றுகிறோம் என்று சொல்லாதீர்கள், தயவுசெய்து.

ஆதிச்சநல்லூரில் 1876-இல் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோன ஜெர்மானியர் யாகோரை நாம் இன்றைக்கும் திட்டுகிறோம். அவராவது அருங்காட்சியகத்தில் கொடுத்தார்.

"என் பட்டா நிலம்" என்றும் சொல்ல முடியாது. மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. அரசு எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தரவும் அதில் வழி இருக்கிறது. இதை யாரும் சொல்வதில்லை. நூறு வருடம் தாண்டிய பழம்பொருளை லைசென்ஸ் இல்லாமல் விற்று வியாபாரம் செய்வதும் குற்றம். களக்காடு முண்டந்துறைப் பக்கம் அனுமதியின்றிக் காட்டுக்குள் போனால் வனத்துறை வழக்கு வேறு.

ஐம்பதடி ஆழத்துத் தங்கத்தைக் காட்டும் என்று விற்கிற மெஷின் மோசடி. சாதாரணக் கைக்கருவி ஒரு சின்னக் காசை ஒரு சாண் ஆழத்தில் பிடித்தாலே அதிகம். நம் செம்மண்ணில் உள்ள இரும்பே அதைக் கத்த வைக்கும்.

சரி, உழும்போதோ கிணறு வெட்டும்போதோ தற்செயலாக ஏதாவது தட்டுப்பட்டால்? முதுமக்கள் தாழியின் (இறந்தவர்களைப் புதைத்த பெரிய பானை) விளிம்பு தெரிந்தாலும் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். தொடாமல், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள். போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? கழுவாமல், மண்ணோடு, அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுங்கள். ரீல்ஸ் மட்டும் போட்டுவிடாதீர்கள். விடிவதற்குள் பத்துப் பேர் மண்வெட்டியோடு வந்து நிற்பார்கள்.