ஒட்டுப்போட்ட இடத்தை மறக்காத குரல்

போலந்துக்குப் படிக்கப் போயிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பாடநூலில் 'போப்ஷெஸ்டாவ்யாலிபிஷ்மி' என்று ஒரு வினைச்சொல் வருகிறது. இதை எங்கே பிரிப்பது, எங்கே அழுத்துவது?"

'எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இடம் மாற்றி வைப்போம், முடிந்தால்' என்பது இதன் பொருள். போலிஷில் உயிரொலிகளை எண்ணினால் அசைகளை எண்ணியதாகும். இந்தச் சொல்லின் போலிஷ் எழுத்தில் (poprzestawialibyśmy) உயிர்க்குறிகள் 8. அவற்றில் ஒன்று மெய்யை மென்மையாக்க மட்டுமே நிற்கிறது. ஆகவே அசைகள் 7: போ-ப்ஷெ-ஸ்டா-வ்யா-லி-பி-ஷ்மி.

பள்ளியில் பகுபதம் பிரித்ததுபோல் உறுப்புகளைப் பிரித்தால் கணக்கு வேறு. 'போ' (ஒவ்வொன்றாக), 'ப்ஷெ' (இடம் பெயர்த்து) என இரண்டு முன்னொட்டுகள். 'ஸ்டாவ்' பகுதி. 'யா' வினையடியை நீட்டுவது. 'ல்' இறந்தகால எச்சக் குறி, 'இ' ஆண் ஒருவராவது இருக்கும் கூட்டத்தைக் குறிப்பது. 'பி' நிபந்தனை, 'ஷ்மி' நாம். பகுதியின் கடைசி மெய்யான 'வ்'மேல் அடுத்த உயிர் ஏறி 'வ்யா' ஆகிவிடுகிறது. மெய்யின்மேல் உயிர் ஏறுவது நமக்குப் புதிதா என்ன?

என்னை மயக்குவது அழுத்தம்தான். போலிஷில் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் விழும் என்பது பொதுவிதி. 'ஸ்ரோபிலி' (செய்தார்கள்) என்பதில் 'பி' அழுந்துகிறது. 'ஷ்மி' சேர்த்து 'ஸ்ரோபிலிஷ்மி' (செய்தோம்) என்றால் விதிப்படி 'லி'க்கு நகர வேண்டும். செம்மையான உச்சரிப்பில் நகர்வதில்லை. நிபந்தனையையும் சேர்த்து 'ஸ்ரோபிலிபிஷ்மி' (செய்வோம், முடிந்தால்) என்றாலும் அதே முதல் 'பி'தான். இப்போது அது கடைசியிலிருந்து நான்காம் அசை! வால் எவ்வளவு நீண்டாலும் குரல் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

காரணம், அந்த வால் ஒருகாலத்தில் தனிச்சொல். பழைய போலிஷில் 'செய்தவர்களாய் இருக்கிறோம்' என்று எச்சமும் துணைவினையும் தனித்தனியே நின்றன. 'இருக்கிறோம்' என்ற அந்தத் துணைவினைதான் தேய்ந்து 'ஷ்மி' ஆனது. நிபந்தனைக் குறியான 'பி'யும் 'இரு' என்ற அதே வினையிலிருந்து பிறந்ததுதான். இன்றும் 'ஷ்மி' வினையை விட்டு இறங்கி வேறு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும்: 'மி' (நாம்) என்பதோடு சேர்ந்து 'மிஷ்மி ஸ்ரோபிலி' என்றாலும் 'நாம் செய்தோம்'தான். எழுத்தில் ஒட்டிய வாலை, குரல் இன்னும் விருந்தாளியாகவே நடத்துகிறது. எத்தனை அழகான நினைவு இது!

ஒருமை இறந்தகாலத்தில் அந்த நினைவு அழிந்துவிட்டது. 'ரோபிவ்' (செய்துகொண்டிருந்தான்) என்பதில் அழுத்தம் 'ரோ'வில். 'ரோபிவெம்' (செய்துகொண்டிருந்தேன்) என்றால் 'பி'க்கு நகர்ந்துவிடுகிறது. அங்கே ஒட்டிய பசை காய்ந்து இறுகிவிட்டது. பன்மையிலும் இறுகிக்கொண்டிருக்கிறது: அன்றாடப் பேச்சில் பலர் 'ஸ்ரோபிலிஷ்மி'யின் 'லி'யை அழுத்துகிறார்கள். அதைச் சோம்பேறித்தனம் என்று கடிந்துகொள்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டு சொற்கள் ஒன்றாவதைக் கண்ணெதிரே காணும் வாய்ப்பு அது. தெருவிலும் சமையலறையிலும் பேசும் குரல்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பதிவு செய்தால்தான் அதைப் பிடிக்க முடியும். அத்தகைய பொறுமையான வேலைக்கு எந்த நாட்டு அரசும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பேன்.

வாசகரின் சொல்லில் 'பிஷ்மி'யைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது போ-ப்ஷெ-ஸ்டா-வ்யா-லி. கடைசிக்கு முந்தையது 'வ்யா'. அதை அழுத்திவிட்டு, கையை எடுத்து, மிச்சத்தை மெல்லச் சொல்லி முடியுங்கள்.